எஸ் விசை விழுங்கிய பெயர்

வீட்ஸ்கே ஹூக்ஸ்ட்ரா விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டச்சு செய்வாள். ஜன்னலுக்கு வெளியே கால்வாயில் போகும் படகைப் பார்த்துக்கொண்டே செய்வாள். தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மறுமுனையில் கத்தும் விவசாயியைச் சமாதானப்படுத்திக்கொண்டே செய்வாள். பத்தொன்பது வயதில் லேவார்டன் நகரத்துத் தட்டச்சுப் பள்ளியில் முதல் பரிசு வாங்கியவள். நீர்வாரியத்தில் அவளை வேலைக்கு எடுத்ததே அந்த விரல்களுக்காகத்தான். இருபத்திரண்டு வருடம் அவை அவளை ஒருநாளும் கைவிட்டதில்லை. ஐம்பத்தொன்றாவது வயதில் அதே விரல்கள் அவளைக் குப்புறத் தள்ளின.

அவளுடைய பொறுப்பில் ஒரு பட்டியல் இருந்தது. ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் அந்த மூலையில் வயல்கள் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன. மழைத் தண்ணீரைப் பம்ப் வைத்து இறைத்துப் பெரிய வாய்க்காலில் தள்ளினால்தான் உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பம்ப், ஒவ்வொரு பம்புக்கும் ஒரு பொறுப்பாளர். மொத்தம் அறுபத்திரண்டு பேர். யாருக்கு முட்டி வலி, யார் பெண்ணின் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், யாருடைய வேலையை யார் பார்க்கிறார் என்பதெல்லாம் வீட்ஸ்கேவுக்கு மனப்பாடம். மழை வலுத்தால் அவள்தான் ஒவ்வொருவராக அழைத்து, "ஆரம்பிக்கலாம்" என்பாள்.

2006 வசந்தத்தில் அந்த வேலையை ஓர் இயந்திரத்திடம் கொடுத்தார்கள். நீர்மட்டம் ஏறினால் அதுவே அறுபத்திரண்டு பேருக்கும் கைபேசியில் செய்தி அனுப்பிவிடும். பட்டியலைச் சரியாக வைத்திருப்பது மட்டும் வீட்ஸ்கேவின் வேலையாகத் தொடர்ந்தது. அந்தப் பட்டியல் இப்போது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளாக இருந்தது. மவுஸ் வேலை செய்யாது. மேலே மெனு இல்லை. மூடுவதற்கு மூலையில் பெருக்கல் குறிகூட இல்லை.

"இதுக்குப் பேரு விம்," என்றான் கெர்லோஃப். கணினிப் பிரிவில் இருந்த ஒரே ஆள் அவன். நாற்பதை நெருங்குபவன், எப்போதும் சைக்கிள் ஓட்டும் மழைக்கால்சட்டையோடே திரிபவன்.

"பாத்திரம் தேய்க்கிற பவுடரா?"

"அதே பேருதான். உங்கம்மா சிங்க்குக்கு அடியில வச்சிருப்பாங்களே."

"அது கறையை எடுக்கும். இது?"

கெர்லோஃப் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினான். பாடம் நான்கு நிமிடம் நடந்தது. "ஐ அழுத்துங்க, எழுதுங்க. எழுதி முடிச்சா எஸ்கேப். அப்புறம் முக்காற்புள்ளி, டபிள்யூ, க்யூ. சேமிச்சு வெளிய வந்துடும். அவ்ளோதான்." அவன் சொல்லிக்கொண்டே செய்தபோது திரையில் வரிகள் துள்ளி ஓடின. ஐந்து வரி ஒரேயடியாகக் காணாமல்போய் வேறிடத்தில் முளைத்தன.

"இரு இரு, இப்ப என்ன பண்ணின?"

"ஒண்ணுமில்ல, சும்மா நகர்த்தினேன். அது உங்களுக்கு வேண்டாம்."

அவன் போய்விட்டான். மஞ்சள் தாளில் மூன்று வரி எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தான்.

வீட்ஸ்கேவுக்குப் புரியாமல் போனது ஒரே ஒரு விஷயம். ஆனால் மற்ற எல்லாம் அதன்மேல்தான் நின்றன. அவளுக்குத் தெரிந்த உலகத்தில் ஒரு விசையைத் தட்டினால் அந்த எழுத்து விழும். இங்கே, ஐ அழுத்தி அனுமதி வாங்காதவரை, விசைப்பலகையில் எழுத்துகளே கிடையாது, எல்லாமே கட்டளைகள். ஒரு விசை வரியை அழிக்கும், ஒன்று கடைசி வரிக்குத் தூக்கிப்போகும், ஒன்று இரண்டு வரிகளை ஒட்டவைக்கும். மெதுவாகத் தட்டுகிறவனாக இருந்தால் முதல் தவறிலேயே நிறுத்தியிருப்பான். வீட்ஸ்கே நிறுத்துவதற்குள் ஏழு கட்டளை போயிருக்கும்.

முதல் வாரம் ஊனே என்ற பொறுப்பாளரின் பெயரைத் திருத்தப் போனாள். ஓ, ஈ, என், ஈ என்று தட்டினாள். ஒரு புது வரி திறந்து அதில் "ஏனே" என்று நின்றது. அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். இப்போது எழுத்துகள் ஒழுங்காக விழுந்தன. ஏன் அப்போது விழவில்லை, ஏன் இப்போது விழுந்தன? யாரும் சொல்லவில்லை. வெளியே வரப் பார்த்தாள், விடவில்லை. எஸ்கேப்பை ஆறேழு தடவை குத்தினாள். ஒவ்வொரு குத்துக்கும் இயந்திரம் 'பீப்' என்று கத்தியது. அறையில் இருந்த நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கெர்லோஃப்! இது என்னைத் திட்டுது!"

அவன் வந்து, நின்றவாக்கிலேயே இரண்டு விரலால் ஏதோ தட்டினான். திரை மூடிக்கொண்டது. "சரியாயிடுச்சு," என்றான்.

"என்ன பண்ணினேன்னு சொல்லிட்டுப் போ."

"யோசிக்காதீங்க வீட்ஸ்கே. பழகினா கை தானா போகும்."

கோடை முழுக்க இப்படியே போனது. பட்டியலில் மாற்றம் செய்யவேண்டிய நாட்களில் காலையிலேயே அவள் அந்த மஞ்சள் தாளை ஒருதரம் படித்துவைப்பாள். பத்து மணிக் காபிக்கு பிஸ்கட் டப்பா ஒரு சுற்று வந்து மூடிக்கொண்டதும், "சரி, அந்தச் சனியனோட மல்லுக்கு நிக்கப் போறேன்," என்று எழுந்திருப்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விடும். வீட்டில் கணவன் டவ்வேயிடம் புலம்பினால், பால் வண்டி ஓட்டிக் களைத்து வந்தவன், "வேற ஏதாச்சும் புரோகிராம் போடச் சொல்லேன்," என்பான். கேட்டுப் பார்த்திருந்தாள். அந்த இயந்திரத்தில் வேறு எதையும் ஏற்ற அனுமதி இல்லை.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை அந்த வேலை வந்தது. ஊனேவுக்கு எழுபது வயதாகிவிட்டதால் அவருக்குத் துணையாக சிப்கே என்ற இளைஞரை இரண்டாம் ஆளாகச் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். வீட்ஸ்கே பட்டியலைத் திறந்தாள். ஊனேவின் வரிக்கு வந்தாள். அதன் கீழே புது வரி திறக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே தொலைபேசி அடித்தது. எடுத்துத் தோளில் இடுக்கினாள். ஒரு பெண் தன் வாய்க்காலில் செத்த அன்னம் கிடப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்ஸ்கே "ஆளனுப்புறேன்" என்று சொல்லிக்கொண்டே பெயரைத் தட்டினாள்.

திரையில் "இப்கே" என்று இருந்தது. முதல் எழுத்தைக் காணோம். எஸ் விசையில் தூசி என்று எண்ணினாள். அம்புக்குறியால் வரியின் தொடக்கத்துக்குப் போய் எஸ் சேர்த்தாள். அது சரியாக விழுந்தது. எண்ணையும் அடித்தாள். எஸ்கேப், முக்காற்புள்ளி, டபிள்யூ, க்யூ. ஒரு பீப்கூட இல்லாமல் மூடிக்கொண்டது. வசந்தத்திலிருந்து இப்படிச் சுமுகமாக முடிந்த முதல் வேலை அதுதான். அன்று மதியக் காபிக்கு இரண்டாவது பிஸ்கட் எடுத்தாள்.

சனிக்கிழமை மதியம் மழை பிடித்தது. ஞாயிறு காலைவரை விடவில்லை. அறுபத்திரண்டு பம்புகளில் அறுபத்தொன்று ஓடின. ஊனேவின் பம்ப் ஓடவில்லை. ஞாயிறு தேவாலயத்திலிருந்து திரும்பிய ரைண்டர் என்ற விவசாயி தன் சர்க்கரைக் கிழங்கு வயலைத் தேடினார். ஏரியைத்தான் பார்த்தார்.

திங்கட்கிழமை எட்டரைக்கு ஊனே அலுவலகத்துக்கு வந்தார். ரப்பர் காலணியோடு, தொப்பியைக் கழற்றாமல், வீட்ஸ்கேவின் மேசைமுன் நின்றார்.

"எனக்கு ஏன் செய்தி வரல?"

"எல்லாருக்கும் போயிருக்கு ஊனே."

"எனக்கு வரல. சனிக்கிழமை பூரா போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இங்க பதினோரு தடவை அடிச்சேன், லைன் பிஸி. நீங்க சொல்லாம பம்பை ஓட்டினா பெரிய வாய்க்கால் வழிஞ்சிடும்னு உங்க ஆபீஸ்தானே முப்பத்தொரு வருஷமா சொல்லுது? ஓட்டல. இப்ப ஊரே என்ன பேசுது தெரியுமா? கிழவன் குடிச்சிட்டுத் தூங்கிட்டான்னு பேசுது."

"இல்ல ஊனே, யாரும் அப்படி..."

"ரைண்டர் என் மூஞ்சிக்கு நேராச் சொன்னான், பொண்ணே. கடையில, எல்லாரும் நிக்கிறப்ப."

அவர் போனதும் கெர்லோஃப் பட்டியலைத் திறந்தான். மேலிருந்து கீழே வரி வரியாகப் பார்த்தான்.

"இதுல ஊனே இல்லையே."

"இருக்கார். சிப்கேக்கு மேல."

"சிப்கே இருக்கார். ஊனே இல்ல. வியாழக்கிழமை பத்தரை மணிக்கு மாத்தியிருக்கு."

"நான் ஊனேவை அழிக்கவே இல்ல! எதையுமே அழிக்கல. ஒரு பேரு சேர்த்தேன், அவ்ளோதான்."

சிப்கேயையும் தொலைபேசியில் கேட்டார்கள். அவருக்குச் செய்தி போயிருந்தது. இரண்டாம் ஆள்தானே, ஊனே கூப்பிட்டால் போவோம் என்று இருந்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை.

"ஒரு நகல் போட்டுத் தர்றேன்," என்றான் கெர்லோஃப். "அன்னிக்குப் பண்ணின மாதிரியே பண்ணிக் காட்டுங்க."

வீட்ஸ்கே ஊனேவின் வரிக்கு வந்தாள். விசைப்பலகையைப் பார்க்காமல் சிப்கே என்று தட்டினாள். ஆனால் இந்தத் தடவை அவளுடைய கண் திரையில் இருந்தது. எஸ் விசை கீழே போன அந்தக் கணத்தில் ஊனேவின் பெயர், பம்ப் எண், கைபேசி எண் எல்லாம் சத்தமில்லாமல் மறைந்தன. அந்தக் காலி வரியில்தான் "இப்கே" வந்து உட்கார்ந்தது.

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பெரிய எழுத்து எஸ்," என்றான் கெர்லோஃப் மெதுவாக. "வரியைத் துடைச்சிட்டு, புதுசா எழுதுங்கன்னு அர்த்தம். நீங்க ஐ அழுத்தல." அவன் கையை நீட்டி எஸ்கேப்பையும் யூ விசையையும் தட்டினான். ஊனே திரும்பி வந்தார், எண்ணோடு, எதுவும் நடக்காததுபோல.

"அது என்ன?"

"யூ. செஞ்சதைத் திரும்ப எடுத்துக்கும்."

"ஒரே விசை?"

"ஆமா."

"ஆறு மாசமா இந்தச் சனியனோட மாரடிக்கிறேன். திரும்ப எடுத்துக்க ஒரு விசை இருக்குன்னு ஏண்டா நீ சொல்லல?"

கெர்லோஃபின் முகம் சிவந்தது. "அது எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்."

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டத் தொடங்கினால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது. ஓய்வறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். கோபம் கெர்லோஃப் மேலா, விம் மேலா, தன் மேலா என்று பிரிக்க முடியவில்லை. யோசிக்க யோசிக்க ஒன்று மட்டும் துலங்கியது: எழுத்து விழாதபோது விசையைத்தான் சந்தேகப்பட்டாளே ஒழிய, தன் விரலை ஒரு வினாடிகூடச் சந்தேகப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை மேலாளர் அவளை அழைத்து ஒரு கடிதம் சொன்னார். அந்தப் பகுதி விவசாயிகள் எல்லோருக்கும் போகவேண்டிய கடிதம். வீட்ஸ்கே வழக்கம்போல அவர் வாயிலிருந்து வரவர அடித்துக்கொண்டே வந்தாள். "தகவல் தொடர்பில் ஏற்பட்ட ஒரு தடங்கலின் காரணமாக..." என்ற இடத்தில் அவள் விரல்கள் நின்றன.

"இதைப் படிச்சா தடங்கல் ஊனேன்னுதான் நெனைப்பாங்க," என்றாள்.

"யாரையும் பேர் சொல்லலையே."

"அதான். பேர் சொல்லலன்னா அவங்க கையில ஏற்கெனவே ஒரு பேர் இருக்கு."

"வீட்ஸ்கே, உங்க பேரைப் போடச் சொல்றீங்களா? வேண்டாம். இங்க யாரும் உங்களைக் குத்தம் சொல்லல."

"அங்க அவரைச் சொல்றாங்களே."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அலுவலகத்தின் பேரில் தனி ஆளைக் குறிப்பிட்டு எழுத முடியாது என்றார். அது சரிதான் என்று அவளுக்கும் தெரியும். கடிதத்தை முடித்துக் கொடுத்தாள். மறுநாள் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமைகளில் ஊனேவின் ஊர்க் கூடத்தில் விவசாயிகள் காலைக் காபிக்குக் கூடுவார்கள். வீட்ஸ்கே சைக்கிளை வெளியே சாய்த்துவிட்டு உள்ளே போனபோது பதினைந்து பேர் இருந்தார்கள். ரைண்டர் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஊனே ஜன்னலோரம் தனியாக இருந்தார். அவர் மேசையில் ஒரே ஒரு கோப்பை. வழியெல்லாம் பேச்சைத் தயார்செய்து வந்திருந்தாள். வாசலைத் தாண்டியதும் பாதி மறந்துவிட்டது.

"நான் நீர்வாரியத்துல இருக்கிற வீட்ஸ்கே," என்றாள். "உங்களுக்கு என் குரல் தெரியும். ஊனே தூங்கல. குடிக்கல. அவருக்குச் செய்தி போகவே இல்ல. போகாததுக்குக் காரணம் நான். பட்டியல்ல இன்னொருத்தர் பேரைச் சேர்க்கப் போய் அவர் பேரை அழிச்சுட்டேன். அழிச்சதுகூடத் தெரியாம மூடிட்டேன்."

ரைண்டர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்போ கம்ப்யூட்டர் கோளாறு இல்லையா?" என்று ஒருவர் கேட்டார்.

"கம்ப்யூட்டர் நான் சொன்னதைத்தான் செஞ்சுது. நான் என்ன சொன்னேன்னு எனக்குத்தான் தெரியல."

ரைண்டர் அவளைப் பார்த்தார். "என் கிழங்கு அழுகிப்போச்சும்மா."

"தெரியும்."

"தெரியும்னா ஆச்சா?"

"ஆகல. ஆனா நீங்க திட்டவேண்டிய ஆள் ஊனே இல்ல. நான் இங்கதான் நிக்கிறேன்."

ரைண்டர் திட்டினார். நன்றாகவே திட்டினார். நீர்வாரியத்தையும் கணினிகளையும் தலைநகரத்தையும் சேர்த்துத் திட்டினார். வீட்ஸ்கே கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். கடைசியில் அவர் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். "ஊனே, கடையில நான் சொன்னது... அதை விட்டுடு," என்று முணுமுணுத்தார்.

ஊனே தன் கோப்பையை ஓரமாக நகர்த்தினார். வீட்ஸ்கேவைப் பார்த்து எதிர் நாற்காலியைக் காலால் தள்ளினார். "உக்காரு. காபி சொல்றேன்," என்றார். அவள் குடித்து முடிக்கும்வரை அவர் ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னித்துவிட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

மறுநாள் கெர்லோஃபிடம் போய் நின்றாள். "எனக்கு ஒழுங்காச் சொல்லிக்கொடு. நான் கேக்காம நீ விசையைத் தொடக்கூடாது."

அவன் அந்த நிரலுக்குள்ளேயே இருந்த ஒரு பயிற்சிப் பாடத்தைத் திறந்து கொடுத்தான். முடிக்க இருபத்தைந்திலிருந்து முப்பது நிமிடம் ஆகும் என்று அதன் தலைப்பிலேயே போட்டிருந்தது. வீட்ஸ்கேவுக்கு மூன்று வாரம் ஆனது. தினமும் அரை மணி. அம்புக்குறிகளை விட்டுவிட்டு எச், ஜே, கே, எல் என்ற நான்கு விசைகளால் நகரவேண்டும் என்றது பாடம். ஜே கீழே, கே மேலே. ஏன் கீழே? எந்த மடையன் முடிவுசெய்தான்? அவள் விரல் ஒவ்வொரு முறையும் எதிர்த்திசையில் போனது. எக்ஸ் அழுத்தினால் ஓர் எழுத்து போகும். டீ இரண்டு முறை அழுத்தினால் முழு வரி போகும். இரண்டாம் நாள் கவனிக்காமல் பெரிய எழுத்துப் பூட்டைத் தட்டிவிட்டாள். கீழே இறங்கவேண்டிய ஜே, வரிகளை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போனது. அன்று விசைப்பலகையைத் தூக்கி மேசையில் ஒரு போடு போட்டாள்.

அவளை நோகடித்தது தவறுகள் அல்ல, வேகம். அவளுடைய விசைச் சத்தம் அந்த அறையில் பெயர்பெற்றது. தகரக் கூரையில் மழை விழுவதுபோல இருக்கும். இப்போது டக் என்று ஒன்று கேட்கும். வெகுநேரம் கழித்து இன்னொரு டக். நேற்று வேலைக்குச் சேர்ந்தவளைப்போல, ஒவ்வொரு விசைக்கு முன்னும் தான் எழுதும் நிலையில் இருக்கிறோமா, கட்டளையிடும் நிலையில் இருக்கிறோமா என்று திரையின் அடிப்பகுதியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"ரொம்ப யோசிக்கிறீங்க," என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கெர்லோஃப். "கையை விடுங்க, அது தானா போகும்."

"என் கை தானா போனதுதாண்டா பிரச்சினையே!"

அவன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டான். அதற்குப்பின் கைகளைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தான். அவள் கேட்டால் மட்டும் சொன்னான். ஒருமுறை அவள் யூ விசையைப் பதினேழு தடவை அழுத்திப் பத்து நிமிட வேலையைப் பின்னோக்கி உருட்டியபோதுகூட எதுவும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரக் கடைசியில் பாடம் முடிந்தது. கைதட்ட யாரும் இல்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. பட்டியலில் மாற்றம் செய்வதற்கு அவளே ஒரு முறை வகுத்துக்கொண்டாள்: திறந்ததும் வரிகளை எண்ணுவது, மூடும்முன் மறுபடி எண்ணுவது, மாற்றிய வரியை இன்னொருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுவது. மேலாளர் அதை எல்லோருக்குமான விதியாக்கினார்.

பிப்ரவரியில், சாரல் விடாமல் அடித்த ஒரு நாள், ஊனே தொலைபேசியில் வந்தார். மகள் புதுக் கைபேசி வாங்கிக் கொடுத்திருக்கிறாள், எண் மாறிவிட்டது என்றார். வீட்ஸ்கே தொலைபேசியைத் தோளில் இடுக்கவில்லை. மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள். சாய்கோட்டைத் தட்டி அவர் பெயரைத் தேடினாள். அது நேராக அவருடைய வரியில் போய் நின்றது. எண்ணின்மேல் வந்து, சீ, டபிள்யூ. பழைய எண் போனது. புதியதை அடித்தாள். எஸ்கேப். வரிகளை எண்ணினாள்.

அந்தப் பக்கம் போன கெர்லோஃப் நின்றான். "அட, வந்துடுச்சே! பிடிச்சும் போச்சா?"

"வந்துடுச்சு. பிடிக்கல. ரெண்டும் வேற வேற," என்றாள் அவள் திரும்பாமல். பிறகு தொலைபேசியிடம் சொன்னாள்: "ஊனே, இப்ப ஒரு சோதனைச் செய்தி அனுப்புறேன். வந்தா சொல்லுங்க. வைச்சுடாதீங்க."

"கண்ணாடியைக் காணோம்," என்றார் ஊனே.

"தேடுங்க. நான் இருக்கேன்."

மறுமுனையில் இழுப்பறைகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவள் காத்திருந்தாள். மூன்று நிமிடம் கழித்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, அவர் செய்தியைப் படித்துக் காட்டினார். அதன்பிறகுதான் அவள் பட்டியலை மூடினாள்.